அடங்காத வெளிச்சம்

மருதாம்பாள் கொண்டுவந்த தேயிலையின் சாறு கணினித் திரையில் பளீரென்று ஒளிர்ந்ததும் அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்த தரணிதரன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒளிர்ந்தால் இலையில் பூச்சிமருந்து இருக்கிறது என்று அர்த்தம்.

குன்னூரில் இருந்த அந்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் சாற்றை விட்டுப் பார்க்கிற புதுக் கண்ணாடித் தகடு அப்போதுதான் வந்திருந்தது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நானோ வெள்ளித் துகள்கள். பழைய தகட்டில் தெரியாமலே போகிற மினுக்கலைக்கூட அது பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும்.

மருதாம்பாள் கதவருகே வந்து நின்றாள். மஞ்சூர்ப் பக்கம் சின்னத் தோட்டம் வைத்திருப்பவள்.

"ஏனுங்க சார், ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"பாத்துட்டிருக்கேனுங்கம்மா. உக்காருங்க."

அவள் குரலில் இருந்த தவிப்பு அவனை என்னவோ செய்தது. போன மாதம் அவன் கொடுத்த ரிப்போர்ட்டால் ஒரு சிறு விவசாயியின் இலையை ஃபேக்டரி வாங்க மறுத்துவிட்டது. அந்த மனிதர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாறு கெட்டியாக இருப்பதால்தான் இப்படி மின்னுகிறதோ என்று தண்ணீர் கலந்தான். வெளிச்சம் கூடியது. அதுவரை தேயிலையின் கருமைதான் பாதியை மறைத்திருந்தது என்று அப்புறம்தான் உறைத்தது.

தகட்டில் கோளாறோ என்று சோப்புப் போட்டுக் கழுவினான். சோப்பில் இருந்த வெளுப்புப் பொருளும் சேர்ந்து மின்னியது. டிஷ்யூவால் துடைத்தான். அதன் நார்கள் ஒட்டிக்கொண்டு ஜொலித்தன.

உதவியாளர் ஜெஸிந்தா எட்டிப் பார்த்தாள்.

"சார், இன்னும் ரெண்டு தடவ தொடைச்சீங்கன்னா ரூம் லைட்டையே அணைச்சுடலாமுங்க."

"சும்மா இரு, ஜெஸிந்தா."

கடைசியில் அலமாரியைத் திறந்து பழைய தகட்டை எடுத்தான். விதிப்படி அதுவும் செல்லும். சாற்றை விட்டுப் பார்த்தான். திரை இருண்டு கிடந்தது. இது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையுமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு குடும்பம் பிழைத்துப் போகட்டும் என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டான்.

"ஒண்ணுமே இல்லீங்கம்மா! உங்க இலை சுத்தம்."

மருதாம்பாளின் முகம் வாடிவிட்டது.

"என்ன சார் இப்படிச் சொல்லிப்போட்டீங்க? மேல் எஸ்டேட்டுல அடிக்கிற மருந்தெல்லாம் எங்க தோட்டத்துல வந்து விழுதுன்னு கலெக்டர்கிட்டக் காட்டத்தானுங்க இந்த இலையக் கொண்டாந்தேன்!"