வலது வரிசை எலிகள்

"வலது வரிசையும் ஆறிடுச்சா?" கூண்டுக்குள் தலையை விடாத குறையாகக் கேட்டார் பத்ரிநாராயணன்.

"ஆறிப்போச்சு சார். ஜம்முனு ஓடிக்கினு கீதுங்க," என்றாள் தேவானை. தரமணி ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பதும், தினமும் அவற்றின் புண்ணுக்கு மருந்து தடவுவதும் அவள் வேலை.

நல்ல சேதிதான், எலிகளுக்கு. பத்ரிக்கு இல்லை. வல்லாரைச் சத்தைக் கண்ணுக்கே தெரியாத தாவரக் கொழுப்பு உருண்டைகளில் அடைத்து, தடவிய தடம் தெரியாமல் தோலுக்குள் இறங்கும் களிம்பு ஒன்றைச் செய்திருந்தார். இடது வரிசை எலிகளுக்கு அந்தக் களிம்பு. வலது வரிசைக்கு வல்லாரை சேர்க்காத வெறும் களிம்பு. இரண்டும் ஒன்பதே நாளில் ஆறிவிட்டால் மருந்துக்கு என்ன மரியாதை?

வெறும் களிம்புக்கே குணம் இருக்கிறதோ என்று, அடுத்த முறை வலது வரிசைக்கு உப்புத் தண்ணீர் மட்டும் விடச் சொன்னார். எட்டு நாளில் ஆறியது. இடது ஒன்பதிலேயே நின்றது.

உப்புத் தண்ணீரையும் நிறுத்தினார். "வலது பக்கத்துக்கு ஒண்ணும் வேண்டாம் தேவானை."

"ஒண்ணுமேவா சார்?"

"ஒண்ணுமே."

ஆறே நாள்!

அன்று மயிலாப்பூர் வீட்டில் அவருக்குக் காபி இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை கமிட்டி வரா, காமாக்ஷி. மருந்து போடாட்டாதான் சீக்கிரம் ஆறறதுன்னு எப்படிச் சொல்வேன்?"

"போடாதேங்கோன்னு டப்பாமேலேயே எழுதிடுங்கோளேன்," என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டத்தை மூடிவிடுவார்கள். அதுகூடப் போகட்டும், ஆறாத புண்ணோடு கிடக்கும் யாருக்கோ இது உதவும் என்று நான்கு வருஷம் நம்பியது பொய்யாகிவிட்டதே, அதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை, கமிட்டி வருவதற்குள் கூண்டுகளைக் கடைசியாகப் பார்க்கப் போனார்.

"நாலு வருஷம் வீணாப் போச்சு தேவானை. சும்மா விட்டாலே ஆறிடுது. என் மருந்து தண்டம்."

தேவானை பதறிப்போனாள். "இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்க? தங்கமான மருந்தாச்சே! பந்தியில ஒரு எலைக்கு வெச்சு, பக்கத்து எலைக்கு இல்லேன்னா பாவமில்லியா? அதான் மொத தபாவுலேர்ந்தே ரெண்டு பக்கமும் தடவினேன். நீங்க வலது பக்கத்துக்கு ஒண்ணொண்ணா நிறுத்த நிறுத்த, மனசு கேக்காம நான் உங்க மருந்தக் கூட்டிக்கினே போனேன் சார்!"