கம்ப்யூட்டர் லைன் மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதை அணைத்துவிட்டு மறுபடி போட மட்டும்தான் தெரியும். அந்தப் பாதிக்கு நான் தலைவனாகவே இருக்கலாம். மரக்காணத்தில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்த என்னை, "மாப்ள கம்ப்யூட்டர் லைன்ல இருக்காரு" என்று தரகர் பெண் வீட்டில் சொல்லிவைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை. (பொய் அவருடையது. வாயை மூடிக்கொண்டிருந்தது மட்டும்தான் நான்.)

நிச்சயம் முடிந்த கையோடு மாமனார் வீட்டுக்குப் போய், அவருடைய கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பாதுகாப்பு எவ்வளவு வேண்டும் என்று அது கேட்டது. காசா பணமா என்று எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினேன்.

"இனிமே ஒரு ஈ எறும்பு உள்ள வராது மாமா" என்றேன். வெளியேயும் எதுவும் போகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் மாமனார் போன் செய்தார். அவர் மகன் ரபீக்குக்கு கல்ஃபில் வேலை கிடைத்திருந்தது. மாலை நாலு மணிக்குள் சர்டிஃபிகேட்டுகளை மெயிலில் அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு. மெயிலோ போக மாட்டேன் என்கிறது. பதிவு செய்த மெயிலிலிருந்துதான் அனுப்ப வேண்டுமாம். அதன் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்றது. மெயில் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருந்தது. திரையின் மூலையில் 'டிங்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து வந்து நின்றது. விளம்பரம் என்று நினைத்து, வந்த வேகத்தில் அதை மூடிக்கொண்டே இருந்தேன்.

"என்னா மாப்ள, என்னாவாம்?"

எங்கள் ஊரில் சைக்கிள் செயின் அறுந்தாலும் ஃப்ரிட்ஜ் நின்றாலும் பழி உப்புக் காற்றின் மேல்தான். "உப்புக் காத்து மாமா. உள்ள ஏறிடுச்சு" என்றேன். உப்பளம் வைத்திருக்கிற மனுஷர் இதை எப்படி மறுப்பார்? தானே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, பெட்டியைக் கழற்றி, மாமனாரின் ஷேவிங் பிரஷ்ஷால் உள்ளே துடைத்தேன். "நான் வேணா விசிறட்டுமா தம்பி?" என்று மாமி விசிறியோடு வந்து நின்றார். மூன்றரைக்குப் பெட்டியை மூடி, மறுபடி ஆன் செய்தேன். டிங். மூடினேன். மறுபடி டிங்.

"போச்சு அத்தா, என் வேலை போச்சு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ரபீக் சுவரில் சாய்ந்துவிட்டான். அவன் வேலையோடு என் கல்யாணமும் போகப்போகிறது என்று நிஜமாகவே பயந்தேன்.

எங்களில் நிக்காஹ் முடியும்வரை பெண் மாப்பிள்ளை எதிரே வருவதில்லை. அதனால் உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து நஸ்ரினின் குரல் மட்டும் வந்தது.

"அம்மா, டிங் டிங்னு வர்றப்பல்லாம் எதையோ மூடுறாரே, அதுல என்னா எழுதியிருக்குதுன்னு ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க."

எனக்குக் காது கேட்காது என்பது போல மாமி அதை முழுசாகத் திருப்பிச் சொன்னார். படித்தேன். 'உங்கள் பாதுகாப்புக்காக, நீங்கள் அனுப்பும் மெயில் தடுக்கப்பட்டது.' அதன் கீழே, நான் போட்ட ஆன்டிவைரஸின் பெயர்.

"போன வாரம் அவரு போட்டதுதாம்மா. அதோட செட்டிங்ஸ்ல மெயில் ஸ்கேன், வெப் ஸ்கேன்னு ரெண்டு டிக் இருக்கும். எடுத்துட்டு அனுப்பச் சொல்லுங்க. அப்புறமா நான் சரியா வச்சிக்கிறேன்."

"எடுத்துட்டேன்னு சொல்லுங்க மாமி" என்றேன், ஆறடி தள்ளி நிற்கிறவளுக்கு. மூன்று ஐம்பதுக்கு மெயில் போனது.

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு தன் பிரஷ்ஷைப் பார்த்தார். "உப்புக் காத்துன்னீங்களே மாப்ள?"

"அதுவும் கொஞ்சம் இருந்துச்சு மாமா."

அவர்கள் பெருந்தன்மையில் கல்யாணம் நடந்தது. ரபீக் லீவில் வரும்போதெல்லாம் விருந்தில் நாலு பேர் சேர்ந்தால் ஆரம்பித்துவிடுவான்: "எனக்கு வேலை வாங்கிக் குடுத்தது என் தங்கச்சி. மச்சான் கம்ப்யூட்டருக்கு ஷேவிங் பண்ணிவிட்டாரு."

போன மாதம் மாமனாரிடமிருந்து போன். "மாப்ள, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது."

"இதோ, வண்டிய எடுத்துட்டேன் மாமா!"

"நல்லதாப் போச்சு. அப்படியே நஸ்ரின கொண்டாந்து எறக்கிட்டு, புள்ளைங்கள ஸ்கூல்லேருந்து கூட்டியாந்துடுங்க."