க்ரீமுக்குப் பதில் அவகாடோ

மனித குலத்தில் பதில்காரர்கள் என்று ஒரு பிரிவு உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கேள்வி கேட்டால் இவர்களும் உங்களையும் என்னையும் போலத்தான் விழிப்பார்கள். இவர்கள் சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழமும், மைதாவுக்குப் பதில் ஓட்ஸும், எண்ணெய்க்குப் பதில் ஆப்பிள் கூழும் போடுகிறவர்கள். ஒரு பண்டத்தை அது பிறந்த மேனிக்கு விட்டுவைக்க இவர்களுக்கு மனம் வராது. முட்டையில்லாமல் ஆம்லெட் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "எத்தனை பேருக்கு?" என்பார்கள்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். ஒரு தட்டு உங்கள் முன்னே நீளும். நீங்கள் எடுப்பீர்கள், கடிப்பீர்கள், மெல்லுவீர்கள். நீட்டியவர் அங்கேயே நின்று, பொறி வைத்தவன் எலி வளையைப் பார்ப்பது போல உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி வாய் உள்ளே இறங்கியதும் வரும் அந்தக் கேள்வி: "இதுல என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

நீங்கள் தவறாகத்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் அவர் முகம் வாடிவிடும். அவர் சமைத்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

நம்முடைய ஆள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கடையில் அவருக்குப் 'பதில் சார்' என்று பெயர். மயிரிழை பிசகினாலும் மறுபடி தேய்க்கிற கை. அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு யோசிக்க வேண்டியதில்லை, அனுபவம் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, சாக்லேட்டுக்குப் பதிலா சாக்லேட்டே போட்டா என்ன?" அவர் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதுதான் வேடிக்கை.

இப்படிப்பட்டவரால் ஒரு குடும்பம் பிரிந்து கிடந்தது. மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. மருத்துவமனையில் செவிலியர். அவர் தலைமைச் செவிலியர் ஆனபோது வீட்டில் ஒரு சின்ன விருந்து வைத்து, "மாப்ளே, ஒரு சாக்லேட் கேக் மட்டும் பண்ணிக் கொடுங்க" என்று நம்பிக் கேட்டார். கேக் வந்தது. கருகருவென்று, மெத்துமெத்தென்று, பார்த்தாலே எச்சில் ஊறும்படி வந்தது. மருத்துவமனையின் பெரிய டாக்டர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். பதில் சார் அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? கரண்டியால் டம்ளரைத் தட்டி எல்லாரையும் தன் பக்கம் திருப்பி, கேள்வியைக் கேட்டு, யாருக்கும் தெரியவில்லை என்றதும் பரமானந்தத்தோடு அறிவித்தார்: "கத்தரிக்காய்."

பெரிய டாக்டருக்குச் சிறுவயது முதல் கத்தரிக்காய் என்றால் ஆகாது. அவர் கைக்குட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனதை வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா இந்த வீட்டுப் படி ஏறவில்லை. பதில் சார் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் தங்கைக்கு ஃபோன் செய்வதோடு சரி. தங்கை கெஞ்சினாள், கோபித்தாள், மூக்கைச் சிந்தினாள். கடைசியில் ஒருவழியாக அக்கா மனம் இறங்கி, "சரி, ஞாயித்துக்கிழமை வர்றேன். எதைக் கொடுத்தாலும் சாப்பிடறேன். ஆனா எனக்குப் பரீட்சை வைக்கக் கூடாது. வெச்சா, அதுதான் நான் உன் வீட்டுக்கு வர்ற கடைசித் தடவை" என்றார்.

மனைவி அதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தாள்.

"ஏங்க, அவ எனக்கு ஒரே அக்கா. நீங்க என்ன வேணா பண்ணுங்க, என்ன வேணா போடுங்க. அவ சாப்பிடும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேக்காதீங்க."

"நான் எங்க கேட்டேன்?"

"அவ இன்னும் வரவே இல்லையே. அதான் கேக்கல."

அவர் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, சாக்லேட் டிரஃபிள் செய்யக் கிளம்பினார். டிரஃபிள் என்றால் வாயில் வைத்ததும் வழுக்கிக் கரைகிற சாக்லேட் உருண்டை. அந்த வழவழப்பு க்ரீமாலும் வெண்ணெயாலும் வருவது. பதில் சார் கையில் அதற்கு அவகாடோ.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் பாடுபட்டிருந்தார். முதல் தடவை பழம் காயாக இருந்து, உருண்டை புல்வெளியைக் கடித்தது போல இருந்தது. அடுத்த தடவை கனிந்து நார் விட்டுப் பல்லிடுக்கில் மாட்டியது. இன்னொரு தடவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தைச் சில்லென்று அப்படியே கொட்ட, உருகிய சாக்லேட் வெடுக்கென்று இறுகி மணல் மணலாகப் போனது. அவற்றையெல்லாம் தின்று தீர்த்த கடை முதலாளி, "எனக்கு இதைவிட உங்க சம்பளத்தை உயர்த்தறது சுலபம்" என்று சொன்னதாகக் கேள்வி.

ஆனால் இந்தத் தடவை பழம் வாய்த்தது. காம்பருகே கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லக் குழிந்து, விட்டதும் தயங்கித் தயங்கி எழும்பும் பதம். அதை மசித்து, சல்லடையில் தேய்த்து இறக்கி, போதாதென்று இன்னொரு முறையும் தேய்த்து இறக்கினார். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் கசப்புச் சாக்லேட்டை உருக்கி, விரலால் தொட்டால் சுடாத சூட்டுக்கு ஆறவிட்டு, கொஞ்சம் தேனோடு இரண்டையும் சேர்த்துக் கலக்கினார். ஃபிரிட்ஜில் வைத்து, இறுகியதும் கரண்டியால் வழித்து, குளிர்ந்த நீரில் கையை நனைத்துத் துடைத்துத் துடைத்து உருட்டினார். உள்ளங்கைச் சூடு பட்டால் உருண்டை இளகிவிடும் அல்லவா? கடைசியில் கோகோ தூளில் ஒரு புரட்டு. ஒன்றைப் போல ஒன்று. லென்ஸ் தேய்த்த கை பொய் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக இருக்கிற உட்காரல் அது. தட்டு வந்தது. ஒன்றை எடுத்துச் சந்தேகத்தோடு கடித்தார். பிறகு சந்தேகமில்லாமல் கடித்தார். இரண்டாவதைத் தானாகவே எடுத்தார்.

பதில் சார் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கேள்வி அடிவயிற்றிலிருந்து புறப்பட்டுத் தொண்டைக்கு வந்துவிட்டது. மனைவி முறைத்தாள். அவர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துக் கேள்வியைக் கீழே இறக்கினார். திரும்பி வந்தால் அது அவருக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் தானும் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

"எந்தக் கடையில வாங்கினது?" என்றார் அக்கா.

"கடையா? வீட்லதான்" என்றாள் தங்கை.

"நீயா பண்ணினே?"

"நான் எங்க? எல்லாம் இவர்தான்."

அக்கா சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு அதுதான். "போடி. க்ரீமும் வெண்ணெயும் அள்ளிக் கொட்டினாத்தான் இந்தப் பதம் வரும். அதையெல்லாம் கண்ணால பாத்தாலே மாப்ளேக்கு மயக்கம் வந்துடும். ஒழுங்கா ஒரு பண்டம் பண்ண இவருக்கு எங்க வரும்? எனக்குப் பயந்துக்கிட்டு வாங்கி அடுக்கி வெச்சிருக்கீங்க. பரவால்ல, நல்லா இருக்கு."

இதைவிட ஒரு பதில்காரரை அவமானப்படுத்த முடியுமா? கடைச் சரக்கு என்று சொல்லியாகிவிட்டது. வெண்ணெய்ப் பழியும் போட்டாகிவிட்டது. பதில் சார் கண்ணை மூடிக்கொண்டார். காது சிவந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. செய்த சத்தியத்துக்காக அந்த மனிதர் அன்று நின்ற நிலையை நீங்கள் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள்.

அவர் மனைவியும் அதைப் பார்த்தாள். சல்லடையில் தேய்த்து வீங்கிய அவர் கட்டைவிரலையும் பார்த்தாள்.

"அக்கா."

"ம்."

"அதுல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்?"

பதில் சார் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அக்காவின் கையிலிருந்த பாதி உருண்டை வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நின்றது.

"கத்தரிக்காயா?" என்றார் மெதுவாக.

"இல்ல. அவகாடோ."

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? அவகாடோவும் வந்துவிட்டது. அக்காவின் இடது கை கைப்பையின் வாரைப் பிடித்தது. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. யாரைத் திட்டுவது? கேட்டவள் அவளேதான்.

அக்கா பாதி உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி போடும் முன் மருந்துக் குப்பியைப் பார்க்கிற பார்வை. பிறகு அதை வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாகச் சுவைத்தார்.

"பச்சை வாசனையே வரலையே."

"சல்லடையில ரெண்டு தரம்..." என்று தொடங்கினார் பதில் சார்.

"நீங்க சும்மா இருங்க மாப்ளே. இனிப்புக்கு என்னடி?"

"தேன்."

அக்கா யோசித்தார். நெற்றி சுருங்கியது. "தேனுக்குப் பதிலா," என்றார், "ஊற வெச்ச பேரீச்சம்பழத்தை அரைச்சுப் போட்டிருக்கலாமே."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைப்பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது. அக்கா சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து மூன்றாவதை எடுத்தார்.

"மிச்சம் இருக்கறதை ஒரு டப்பாவுல போட்டுக் கொடுங்க. நாளைக்கு வார்டுல கொடுக்கறேன். அந்தப் பெரிய டாக்டருக்கு நானே என் கையால கொடுத்து, என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்னு கேக்கப் போறேன்."

"அக்கா," என்றார் பதில் சார், தொழில் ரகசியத்தைச் சொல்லும் பணிவோடு. "முழுங்கின அப்புறம் கேளுங்க. அதான் முக்கியம்."

பார்த்தீர்களா? ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, ஒரே மத்தியானத்தில், தட்டு காலியாவதற்குள். தடுப்பு மருந்து இல்லாத தொற்று இது. நமக்கெல்லாம் வராது என்றுதானே சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்? நல்லது. ஒன்றே ஒன்று. பதில் சார் உருண்டை பிடித்ததை மேலே சொன்னபோது, 'ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கலாமே' என்றோ, 'கோகோவுக்குப் பதில் பொடித்த பாதாமில் புரட்டலாமே' என்றோ உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், வீட்டுக்கு அடுத்து வரப்போகிற விருந்தாளியை நினைத்துக் கொஞ்சம் இரக்கப்படுங்கள். தோன்றவில்லையென்றாலும், எதற்கும் போய்ப் பழக்கூடையில் அவகாடோ இருந்தால் காம்பருகே மெல்ல அழுத்திப் பாருங்கள்.

காலையிலேயே அழுத்திப் பார்த்துவிட்டீர்களா? அதுதானே பார்த்தேன்.