சிவப்புக் குடையிலிருந்து எழுபத்தைந்து மீட்டர் தெற்கே

முகவரி: கடைசியில் எழுதுகிறேன்
அக்டோபர் 19, மழை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா ஓதிலியா அவர்களுக்கு,

தம்பி எலாதியோ எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். என் பெண்டாட்டி நிதியா நன்றாக இருக்கிறாள், நான் இருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால், உங்கள் ரத்த அழுத்தம், உங்கள் கிளி மூன்றும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் பதினோரு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்து சேர்ந்தது. காகிதத்தின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் புறநகரில் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று பிரித்து எழுது, வளவளவென்று இழுக்காதே என்று கட்டளை போட்டிருக்கிறீர்கள். நம் லூஹான் வீட்டை வாங்கி இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் போட ஒருவர் காத்திருக்கிறார், முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா, போட்டுவிட்டு இங்கே எங்களோடு வந்து இருப்பதா, இல்லை அந்த வீட்டைக் கட்டிக்கொண்டு சான் ஹோசேயிலேயே கிடப்பதா என்பதை என் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வீர்களாம். எழுபத்தாறு வயதில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்கச் சம்மதித்திருக்கிறீர்கள். அந்தப் பயத்திலேயே அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன், அக்கா. கெட்டது பக்கம் நிரம்பிக் கோட்டைத் தாண்டி வழிந்துவிட்டதால் வேறு காகிதம் எடுத்து வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த இடத்துக்குக் காபித் தோட்டப் பூங்கா என்று பெயர். காபிச் செடியும் இல்லை, தோட்டமும் இல்லை, பூங்காவும் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, அச்சில் வார்த்த மாதிரி இருநூற்றுப் பன்னிரண்டு வீடு கட்டியிருக்கிறார்கள். எல்லாச் சுவருக்கும் ஒரே வெளிர் மஞ்சள், எல்லாக் கூரைக்கும் ஒரே சிவப்புத் தகரம். வந்த இரண்டாம் வாரம் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியவன், கதவைத் தள்ளி உள்ளே போய், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்து, “நிதியா, காபி!” என்று குரல் கொடுத்தேன். காபி வந்தது. கொண்டுவந்தது நிதியா இல்லை, யோர்லெனி என்ற ஒரு அம்மாள், நான் அதுவரை பார்த்தே இராதவள். நான் பதறி எழுந்தேன். அவள் நிதானமாக, “உக்காருங்க ஐயா, சர்க்கரை எத்தனை கரண்டி? இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு. முதல்ல வந்தவரு நேரா குளிக்கவே போயிட்டாரு” என்றாள். அப்படித்தான் அவள் எங்களுக்குப் பழக்கமானாள்.

அடுத்தது முகவரி. தெருப் பெயரும் கதவு எண்ணும் வழக்கமில்லாத நம் நாட்டில், நம் வீட்டுக்கு நாம் என்ன சொல்வோம்? பழைய ஐஸ் தொழிற்சாலையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் கிழக்கே. நான் பிறப்பதற்கு முன்பே அது எரிந்து போய்விட்டது, நான் அதைக் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் இன்றுவரை ஒரு தபால்காரரும் வழி தவறியதில்லை. அக்கா, இங்கே எரிந்து போவதற்குக்கூட ஒன்றும் இருந்ததில்லை. தேவாலயம் இல்லை, மளிகைக்கடை இல்லை, ஒரு பெரிய மரம்கூட இல்லை. எங்கள் குளிர்சாதனப் பெட்டி மூன்று நாள் லாரியில் சுற்றியது. நிதியா போனில், “காவல்காரர் கூண்டுலேர்ந்து இருநூறு மீட்டர் வடக்கே, மாடியில நீலப் போர்வை காயுது பாருங்க” என்று சொல்வாள். லாரி வருவதற்குள் மழை வந்துவிடும், போர்வையை எடுத்துவிடுவாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. அதை நிதியாவிடம் சொல்ல முடியாததால், தினமும் காலை ஒன்பது மணிக்கு சான் ஹோசே பேருந்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். நிறுத்தத்தில் கூரையும் கிடையாது, பெஞ்சும் கிடையாது என்பதால் சமையலறை நாற்காலியையும், மழைக்கும் வெயிலுக்கும் அந்தப் பெரிய சிவப்புக் குடையையும் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன். பேருந்து அதன் இஷ்டத்துக்கு வரும். வந்தால் பதினான்கு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஊரும். உண்மையைச் சொன்னால் பெரும்பாலான நாள் நான் ஏறுவதே இல்லை. அது லூஹான் பக்கம் போகிறது என்பதைப் பார்த்தாலே எனக்குப் போதும். பார்த்துவிட்டு மாலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் எரிவாயு லாரிக்காரன் என் முன்னால் வண்டியை நிறுத்தினான். “ஐயா, சிவப்புக் குடை நீங்கதானே?”

“குடை என்னோடது. ஏன்?”

“உங்களிலேர்ந்து எழுபத்தஞ்சு மீட்டர் தெற்கேன்னு சொன்னாங்க. தெற்கு எந்தப் பக்கம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், தெரு முழுக்க என்னை வைத்துத்தான் முகவரி சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். மின்கட்டண ரசீதில் நான் இருக்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் துணிக்கடையில் மீட்டர்கோல் பிடித்தவன் என்பதால் அந்த எழுபத்தைந்து மீட்டரை அடி வைத்து அளந்தும் பார்த்தேன். அறுபத்தொன்றுதான் வருகிறது. சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. ஒரு காலை வெயில் தாங்காமல் நாற்காலியை இருபது மீட்டர் தள்ளி ஒரு சுவர் நிழலில் போட்டேன். அன்று தெருவுக்கு வந்த பொருள் எல்லாமே இரண்டு வீடு தள்ளிப் போய் இறங்கின. சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் வீட்டில் ஒரு பெட்டி இனிப்பு ரொட்டி. அவர் அதைத் திருப்பித் தரவும் இல்லை. மறுநாளே யாரோ நாற்காலியின் நான்கு காலுக்கும் தரையில் வெள்ளைப் பெயின்டால் வட்டம் போட்டுவிட்டார்கள். “எலாதியோ ஐயா, வியாழக்கிழமை எங்களுக்கு அலமாரி வருது, எங்கேயும் போயிடாதீங்க.” “ஐயா, நாளைக்கு டாக்டர் வர்றாரு, கொஞ்சம் குடையை உசத்திப் பிடிங்க.” மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போக முடிவதில்லை. நிதியா அரிசியும் பீன்ஸும் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “உத்தியோகம் எப்படிப் போகுது?” என்று கேட்கிறாள்.

போன மாதம் பதினான்காம் தேதி பொறுக்க முடியாமல் பேருந்தில் ஏறி உங்களைப் பார்க்க வந்தேனே, நீங்கள் இறைச்சியும் மரவள்ளிக் கிழங்கும் போட்டுக் குழம்பு வைத்தீர்களே, சாயங்காலம் வரை கிளியோடு பேசிக்கொண்டிருந்தேனே. அன்று இங்கே என்ன நடந்தது என்பதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. யோர்லெனியின் மகள் கிம்பெர்லிக்கு அன்று பதினைந்தாவது பிறந்தநாள், நம் வழக்கப்படி கல்யாணம் மாதிரி ஏற்பாடு. மூன்று அடுக்கு இளஞ்சிவப்பு கேக் வந்திருக்கிறது. வண்டிக்காரன் சிவப்புக் குடையைத் தேடியிருக்கிறான். குடை லூஹானில் உங்கள் கதவோரம் சாய்ந்திருந்தது. அவன் கண்ணில் பட்டது மூன்றாம் தெருவில் ஒரு காரின் மேல் போர்த்தியிருந்த சிவப்பு உறை. அதிலிருந்து தெற்கே எழுபத்தைந்து மீட்டர் போய் இறக்கிவிட்டான். அந்த வீட்டில் தொண்ணூற்றொரு வயதில் செத்துப்போன பெரியவருக்கு ஒன்பதாம் நாள் ஜெபம். யாரோ சொந்தக்காரர் மரியாதைக்கு அனுப்பியிருக்கிறார் என்று எண்ணி, ஜெபமாலை முடிந்ததும் கேக்கை வெட்டி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். மேல் அடுக்கு வரை வந்த பிறகுதான் ஒரு கிழவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “என் இதயராணி கிம்பெர்லிக்கு” என்று எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். அதுவரை அழுதுகொண்டிருந்த விதவை அந்த நிமிஷமே அழுகையை நிறுத்திவிட்டாளாம். மறுநாள் நானே நேரில் போய், கிம்பெர்லி என்பது யார் என்று விளக்கிச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் பாதிதான் நம்பினாள்.

அன்று ஊர் திரும்பி இறங்கியபோது நிறுத்தத்தில் பெருங்கூட்டம். முன்னால் யோர்லெனி.

“எங்க போனீங்க?”

“அக்காவைப் பார்க்க.”

“அக்கா எங்க ஓடிப் போறாங்க? என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு இன்னிக்கு ஒரு நாள்தான் வரும்!”

எனக்கும் ரோஷம் வந்தது. “நான் என்ன விளக்குக் கம்பமா? எழுபது வயசு ஆளும்மா. ஒரு நாள் சாகத்தான் போறேன், அப்ப என்ன பண்ணுவீங்க?”

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அதுக்கென்ன? சிவப்புக் குடைக்காரர் உக்காந்திருந்த இடத்துலேர்ந்துன்னு சொல்லிட்டுப் போறோம். நீங்க செத்தா ஒரு குழப்பமும் இல்ல ஐயா. உயிரோட இருந்துக்கிட்டு எடத்துல இல்லாம போறதுதான் குழப்பம்.”

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது.

நல்லது பக்கத்தையும் எழுதாமல் விட்டால் நிதியா கோபிப்பாள். இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு இருமல் இல்லை. எட்டு மாதமாக முழுத் தூக்கம் தூங்குகிறாள். பின்கட்டில் சௌசௌக் கொடி போட்டிருக்கிறாள், மேகம் விலகினால் எரிமலை தெரிகிறது என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாள். நல்லது பக்கம் முழுக்க அவள் பெயர்தான் இருக்கிறது, அக்கா. என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது. உங்களையும், அந்தத் தெருச் சத்தத்தையும் விட்டுவிட்டு வந்தது ஒவ்வொரு நாளும் உறுத்துகிறது. ஆகவே வராதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். என் பழைய கட்டிலைத் தட்டிப் போட்டு வையுங்கள். நிதியாவிடம் எப்படியாவது சொல்லிவிட்டு சனிக்கிழமை நான் வந்துவிடுகிறேன்.

நம் அப்பா அம்மாவின் ஆசி உங்கள் தலைமேல் இருக்கட்டும். வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் கிளிக்கும் என் அன்பு.

என்றும் உங்கள் பேச்சைத் தட்டாத தம்பி,
எலாதியோ கெசாதா

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டு, உறையின் பின்பக்கம் என் முகவரி எழுத உட்கார்ந்தேன். தெருவில் மற்ற எல்லோரும் சிவப்புக் குடையிலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். நான் எதிலிருந்து எழுதுவது? நிதியாவைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே, “சைபர் மீட்டர்னு எழுதுங்க” என்றாள். எழுதினேன். சிவப்புக் குடையிலிருந்து சைபர் மீட்டர். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. எழுபது வருஷம் நான் பார்த்தே இராத ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குக் கிழக்கே வாழ்ந்திருக்கிறேன். இங்கே ஒரு தெருவே என்னிலிருந்து அளக்கிறது. ஏனோ கண் கலங்கிவிட்டது. அதனால்தான் ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

நான் வரவில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வீட்டை இடித்துவிடுவார்களே என்று வருத்தப்படாதீர்கள். நிற்கிறவரை அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடித்த மறுநாளிலிருந்து லூஹான் முழுக்க, கெசாதா வீடு இருந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் என்றுதான் சொல்லப்போகிறது. இங்கே உங்களுக்கு வேலையும் தயாராக இருக்கிறது. மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எனக்குப் பதிலாக உட்கார ஆள் இல்லை. உங்கள் ஜன்னலோர நாற்காலியைக் கொண்டு வாருங்கள், கால் அந்த வெள்ளை வட்டத்துக்குள் அடங்குமா என்று அளந்து எழுதுங்கள். வியாழக்கிழமை மட்டும் வராதீர்கள். அன்று அலமாரி வருகிறது, எழுந்து வந்து உங்கள் பெட்டியைத் தூக்க என்னால் முடியாது.