ரிஜெக்ட் அண்ணனும் மூன்று டப்பா கோழி வறுவலும்

திருப்பூர் பனியனை வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்பதற்கு முன்பே தானே வேண்டாம் என்று தள்ளிவிடும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ரிஜெக்ட் அண்ணன். எங்கள் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்குத் தலைவர், குண்டடத்துக்காரர், லைன் வீட்டில் என் அறைத்தோழர். பனியனில் பிசிறு இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். தக்காளிக்கும் ஒட்டியிருக்கிறார். பெண் பார்க்கப் போன வீட்டுச் சுவர் விரிசலில் ஒட்டிவிட்டு வந்தார் என்பார்கள், நான் நம்புகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூரிலிருந்து என் அம்மா வந்தாள். ஷிப்மெண்ட் நெருக்கடியில் நான் ஆறு மாதமாக ஊருக்கே போகவில்லை. வந்தவள் கோழியை வறுத்துத் தள்ளிவிட்டு, "புதன் வரைக்கும் வச்சுச் சாப்பிடுய்யா. ஒரு துண்டு வீணாக்கிறாத" என்று சொல்லிப் பஸ் ஏறினாள். அந்தக் கோழி மூன்று நாள் தாங்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

சூடு ஆறுவதற்குள் அத்தனையையும் பனியன் போடும் பாலிபேக்கில் கொட்டிக் கட்டப் போனேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, அயர்ன் பண்ணுன பனியனைச் சூட்டோட பேக் பண்ணுவீங்களா? உள்ள வேர்த்துப் பூஞ்சை புடிச்சுராது?"

"இது கோழிண்ணே."

"பனியன் கெட்டா பனியன் திரும்பி வருமுங்க. கோழி கெட்டா தின்ன ஆளே திரும்பி வரமாட்டானுங்க."

ஆவி அடங்கத் தட்டில் பரப்பினார். இரண்டு மணி நேரம் தாண்டுமுன் மூன்று தட்டையான டப்பாக்களில் அடுக்கி, திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தார். ஃப்ரீஸரில் ஒரு டம்ளர் ஐஸ்; அதன்மேல் ஒரு ரூபாய்க் காசு. எதற்கு என்றால், "காவலுக்குங்க" என்றார்.

திங்கட்கிழமை டப்பா மட்டும் வெளியே வந்தது. தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சுடவைத்து, இருப்பதிலேயே தடித்த தொடையைப் பிய்த்து, எலும்போரம் ஆவி பறக்கிறதா என்று மூக்கை நுழைத்துப் பார்த்தார். இரண்டு முறை "இன்னும் வேணுமுங்க" என்று கல்லுக்கே திருப்பி அனுப்பினார். பசியில் எனக்கு உயிர் போனது. மறுபடி சூடுபடுத்த ஒரு தடவைதான் அனுமதியாம். ஆகவே மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தோம்.

செவ்வாய் பகல் முழுக்க மின்தடை. கம்பெனி ஜெனரேட்டரில் ஓடியதால் எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் வந்து டப்பாவைத் திறந்து மோந்தேன். அம்மா மசாலாவின் வாசம் அப்படியே இருந்தது. அண்ணன் டம்ளரை நீட்டினார். காசு தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

"ஐஸு உருகிப்போச்சுங்க. நாள் பூராக் கரண்டு இல்லீங்க. ரெண்டு டப்பாவும் ரிஜெக்ட்டுங்க."

"நல்லாத்தாண்ணே மணக்குது. கொதிக்கக் கொதிக்கச் சுடவச்சாப் போச்சு."

"சுட்டாலும் சாகாத விஷம் இருக்குதுங்க தம்பி. மூக்குக்கு அது தெரியாதுங்க."

"எங்கம்மா செஞ்சதுண்ணே."

அவர் இரண்டிலும் சிவப்பு அம்பை ஒட்டினார். தெருநாய்க்குக்கூட ஆகாதென்று குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்தா அம்மா போன் செய்ய வேண்டும்? "கோழி நல்லா இருக்காய்யா?" என்றாள். நான் காலி ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். அண்ணன் செல்போனை வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் காலிங்கம்மா. ஒரு துண்டு மிச்சமில்லீங்க. இந்த மாதிரிக் கோழி நான் தின்னதே இல்லீங்க."

நூல் பிசிறு விஷயத்தில்கூட முதலாளியிடம் பொய் சொல்லாத மனுஷன். என் முகத்தைப் பார்க்காமலே போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கமான மனுசன்யா" என்றாள் அம்மா. "அவரை விட்டுறாத."

"விட மாட்டேம்மா" என்றேன்.