வாயசைத்த நால்வரும் மைக்செட்டாரும்

பாடவே தெரியாத நாலு பேரை வைத்துப் பாட்டுக் கச்சேரி நடத்தலாம் என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊரான பொம்மிடியின் மைக்செட்டார்தான். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப் போனவர், பெல்பாட்டம் போட்ட பாப் கோஷ்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். மறுவாரமே ஆள் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தகுதி ஒன்றுதான்: காதை மூடும் முடி. ஒரு டெய்லர், ஒரு லாரி டிரைவர், டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

"எனக்குப் பாட வராதுங்களே" என்றேன்.

"நல்லதாப் போச்சுங்க. பாடத் தெரிஞ்சவன் சும்மா இருக்க மாட்டான்" என்றார்.

கிடாருக்குக் கம்பி கிடையாது. டிரம்முக்குள் பஞ்சு. திரைக்குப் பின்னால் அவர் ரெக்கார்டு போடுவார்; முன்னால் நாங்கள் வாயசைப்போம். ஒரு மாத ஒத்திகையில் அவர் சொல்லிக்கொடுத்த சங்கீதம் இவ்வளவுதான்: "ரெக்கார்டு எப்படிப் போவுதோ அப்படியே போவோணும். சொந்த புத்தியக் காட்டப்படாது."

அரங்கேற்றம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பில். மாலை நாலு மணி, வாசல் பந்தல். மைக்செட்டாருக்கு அது வாழ்வா சாவா. குட்டு வெளிப்பட்டால் அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் அவரை மைக் கட்டக் கூப்பிட மாட்டார்கள். போதாததற்கு மாப்பிள்ளையின் மாமா பெங்களூரிலிருந்து சினிமா கேமரா வேறு கொண்டுவந்திருந்தார்.

இரண்டு பாட்டு அமர்க்களம். மூன்றாவதில் வோல்டேஜ் இறங்கியது. கிணறுகளில் மோட்டார் போடும் நேரம். ரெக்கார்டு இழுத்து இழுத்து, பாட்டு சினை எருமை முனகுவது போல ஆயிற்று. நாங்கள் கற்ற வித்தையை விடவில்லை. அது இழுக்க இழுக்க நாங்களும் மெதுவாக ஆடினோம். டெய்லர் தூக்கிய கால் தரைக்கு வர அரை நிமிஷம் ஆயிற்று. அப்புறம் கரண்ட் அடியோடு போனது. இதுதான் சமயம் என்று எங்கள் பாடகரான லாரி டிரைவர் ஒரு கோலி சோடாவை வாயில் கவிழ்த்தார். கரண்ட் வந்தது. சோடா பாதித் தொண்டையில் இருக்க, பாட்டு கணீரென்று கிளம்பியது.

பெண் வீட்டார் திரையைப் பிடித்து இழுத்தார்கள். நாங்கள் நால்வரும் பக்கத்துச் சந்தில் புகுந்து ஓடி, ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சரில் ஏறி, சேலம் போய்த்தான் மூச்சு விட்டோம்.

அதன்பிறகு ஊரில் எங்களுக்கு 'ஊமைக் கோஷ்டி' என்று பெயர். எங்களைக் கோமாளியாக்கிய மனுஷன் எதிரே வந்தால் நான் சைக்கிளைத் திருப்பிக்கொள்வேன். அவர் பயந்தபடியே கல்யாணங்களுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. மாட்டுச் சந்தையில் அறிவிப்புக்கு மைக் கட்டிப் பிழைத்தார். எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாலு வருஷம் கழித்து, அந்த மாப்பிள்ளையின் குழந்தைக்குக் காதுகுத்து. பழசை மறந்து எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள்; போனேன். கூடத்து ஜன்னல்களைச் சாத்தி, வேட்டியைத் திரையாகக் கட்டி, கல்யாணப் படத்தைப் போட்டார்கள். சத்தமில்லாத படம். நாங்கள் மெதுவாக ஆடியதைப் பார்த்துக் கூடமே உருண்டது. நானும் சிரித்தேன். திரையில் நாங்கள் ஓடினோம். படம் அதோடு முடியவில்லை.

எங்கள் பின்னால் ஏழெட்டுப் பேர் பாய்ந்து வருகிறார்கள். சந்து முனையில் மைக்செட்டார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நிற்கிறார். சட்டை கிழிகிறது. அடி விழுகிறது. மனுஷன் நகரவில்லை. அன்று எங்களை யாருமே துரத்தவில்லை என்றுதான் நாலு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரர் இன்னும் சிரித்துக்கொண்டே, "யாருங்க இந்தாளு? உங்களுக்கு வேண்டியவருங்களா?" என்று கேட்டார்.

"எங்க மாஸ்டருங்க" என்றேன்.