நான் அச்சத்தை விட்டொழித்த வரலாறு

பணி ஓய்வு பெற்ற மறுவாரமே, இனி நல்வாழ்வு வாழ்வதென்று முடிவு செய்து எனக்கெனச் சில கொள்கைகளை வகுத்துக்கொண்டேன். நான் ஓய்வு பெற்றேனேயன்றி ஓயவில்லை என்பதை என் மனைவியும் அயலாரும் நன்கு அறிவார்கள்.

ஓப்பநாயக்க ஊருக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியனாக இத்தனை காலமும் அஞ்சி அஞ்சியே பிழைத்தவன் நான். தோட்டத்தை ஆளும் துரைக்கு அஞ்சினேன். துரையின் நாய்க்கு அதைவிட அஞ்சினேன். மழை பெய்தால் மண்மேடு சரியுமென்று அஞ்சினேன்; பெய்யாவிட்டால், ஏன் பெய்யவில்லையென்று அஞ்சினேன். எஞ்சிய வாழ்நாளாவது ஒளி பெற வேண்டாவா?

ஆகவே, எதற்கும் அஞ்சேன் என்று உறுதி பூண்டேன். எது நேரினும் 'நல்லது' என்றே சொல்வேன். கண்முன் நிகழும் பிழை எதனையும் திருத்தாமல் விடேன்.

காலைத் தேநீர் வேளையில் இவற்றை என் மனைவி வெள்ளையம்மாவுக்கு அறிவித்தேன்.

"எதுக்குமே பயப்பட மாட்டீங்களா?"

"அஞ்சேன்."

"தொரை நாயிக்கு?"

"அஞ்சேன்."

"எனக்கு?"

நான் தேநீரைக் குடித்தேன். எந்த விதிக்கும் விலக்கு ஒன்று உண்டு.

முதலிரு கொள்கைகளுக்கு உடனே வேலை வரவில்லை. மூன்றாவதற்கோ ஓய்வே இல்லை. வெள்ளையம்மா நறுக்கிய முருங்கைக்காய்த் துண்டுகள் ஒன்றுக்கொன்று நீளத்தில் ஒவ்வாதிருந்தன, திருத்தினேன். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் வசிக்கும் மூக்காயி தன் கணவனைத் திட்டும்போது ஒருமையும் பன்மையும் மயங்கின. சுவருக்கு இப்பாலிருந்தே திருத்தினேன். மாரியம்மன் கோயில் பூசாரி வேலுசாமியின் மந்திரத்தில் குறில் நெடிலாயிற்று. தீபாராதனையை நிறுத்தச் சொல்லித் திருத்தினேன். மூவரும் என்னை ஒரேவிதமாகப் பார்த்தார்கள். அதை நன்றியென்று கொண்டேன்.

திருவிழா நெருங்கிற்று. ஒருநாள் வெள்ளையம்மா கோயிலிலிருந்து மஞ்சள் நூலோடு வந்தாள்.

"என்னாங்க, கைய நீட்டுங்க."

"எதற்கு?"

"காப்புக் கட்டத்தான். ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டு வந்துட்டேன். இந்தத் திருவிழாவுக்கு நீங்க தீ மிதிக்கிறீங்க."

"யார்?"

"நீங்கதான். பயமே இல்லாத ஆம்பள இந்தத் தோட்டத்துல வேற யாரு இருக்கா?"

வாயைத் திறந்தேன். இரண்டாம் கொள்கை வெளியே வந்து விழுந்தது.

"நல்லது," என்றேன். குரல் மட்டும் வேறு யாருடையதோ போலிருந்தது.

"ஹரி, சரிங்க! ஆத்தா மடியில வச்சு எடுத்தாந்த நூலுங்க இது" என்று அவளே என் மணிக்கட்டில் முடிந்துவிட்டாள். கோயிலில் பூசாரி கட்ட வேண்டிய காப்பை வீட்டில் மனைவி கட்டலாமா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் அறிவு முழுதும் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டிருந்தது. திருத்தியே ஆகவேண்டிய பிழையை அன்று தவற விட்டேன்.

கோயில் முன்றிலில் பூக்குழி வெட்டினார்கள். பலாக்கட்டைகளை அடுக்கினார்கள். கட்டை விழும் ஓசையெல்லாம் என் முழங்காலில் வந்து கேட்டது. தப்பு மேளம் முழங்கினால் என் பற்களும் தாளம் தப்பாமல் கூடவே அடித்தன. அந்தக் குழியைக் காணவும் கூசி, கோயில் வழியை விட்டுத் தேயிலை நிரைகளுக்குள்ளே புகுந்து நடந்தேன். அட்டைகள் கடித்தன. பச்சைக்காலைக் கேட்கும் அட்டை, சுட்ட காலைக் கேட்கும் குழியைவிட எவ்வளவோ நல்ல பிராணி என்று தோன்றிற்று.

பயிற்சியும் செய்து பார்த்தேன். வெள்ளையம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்த வேளையில் அடுப்புச் சாம்பலில் பெருவிரலை வைத்தேன். வைத்ததும் அலறினேன். வாசலில் அவள் நின்றாள்.

"என்னாங்க, அடுப்புல கால வைக்கிறீங்க?"

"சாம்பலின் தன்மையை ஆராய்கிறேன்."

"நல்லா ஆராயுங்க. அது நேத்தே அணைஞ்சது."

விரலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. ஆயினும் கொப்புளம் எழும்பியதாகவே என் மனம் சொல்லிற்று.

இனித் தப்புவதே வழி. மூக்குப்பொடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரத்தினபுரி பஸ்ஸைப் பிடிக்கும் எண்ணத்தோடு மலையிறங்கினேன். தோட்டத்தின் எல்லை மதகை அடைந்து ஒரு காலை எடுத்து அப்பால் வைத்தேன். மற்றக் கால் வரவில்லை. காப்புக் கட்டியவர் திருவிழா முடியுமுன் எல்லை தாண்டினால் அம்மன் அவருடம்பில் முத்தாக வந்து இறங்குவாள் என்பது எங்கள் தோட்டத்தில் எவரும் ஐயுறாத உண்மை.

நகரத்துத் துணிக்கடைக் கபூர், மூட்டையோடு அவ்வழி ஏறி வந்தார்.

"என்ன மாஸ்டர், ஒரு கால் அங்க, ஒரு கால் இங்க?"

"காற்று வாங்குகிறேன்."

"கையில காப்பு ஈக்கி! தீ மிதிக்கப் போறீங்களா? பெரிய தைரியம்தான். போன வருஷம் மிதிச்ச ஒருத்தர்ட பொஞ்சாதி என்ட கடைக்கு வந்த."

"புது வேட்டி வாங்கவா?" என்றேன் ஆவலோடு.

"இல்ல. கால்ல கட்டுப் போட வெள்ளத் துணி."

"அவர் குணமடைந்துவிட்டாரல்லவா?"

"தெரியா மாஸ்டர். அதுக்குப் பொறகு அந்த மனிசன் நடந்து போக நான் காணல்ல."

எல்லைக்கு அப்பால் அம்மை, இப்பால் அனல். நான் அப்பாலிருந்த காலையும் இப்பாலே இழுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

"மொகம் ஏன் இப்புடி வெளுத்துக் கெடக்கு? பயமா?" என்றாள் வெள்ளையம்மா.

"அச்சமன்று. பாதத்தில் ஆணி. நடப்பதற்கே இடையூறாக இருக்கிறது."

"அய்யய்யோ! ஆணிக்கால வச்சுக்கிட்டுத் தீயில எறங்கப்படாதே." சற்று நேரம் அடுப்பைப் பார்த்தாள். "நேந்தத மாத்திக்க ஒரு வழி இருக்கு. ஆனா வேணாங்க. ஒங்களால ஏலாது."

"என்ன வழி?"

"ரொம்பக் கஷ்டம்ங்க."

"சொல்லு வெள்ளையம்மா!"

"காப்ப அவுக்கிற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. ஒத்த வார்த்தை தப்பி வந்துச்சு, நேரா குழிதான்."

என் கண்களில் நீர் வந்தது. "நல்லது" என்றேன். அதன்பின் நான் பேசவில்லை.

அந்த நாள்களை எப்படி எழுதுவேன்! லயமெங்கும் பிழைகள் பூத்துக் குலுங்கின. மூக்காயி எங்கள் வாசற்படியிலேயே வந்து அமர்ந்து, கணவனை நிதானமாகத் திட்டினாள். ஒருமை பன்மை உயர்திணை அஃறிணை எல்லாம் ஒன்றாய்ப் புரண்டன. வெள்ளையம்மா என் கண்ணெதிரே முருங்கைக்காயை மனம்போன அளவில் நறுக்கினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். தும்மலும் சொல்லாகுமோ என்று அஞ்சி மூக்குப்பொடியை விட்டேன். உறக்கத்தில் உளறிவிடுவேனோ என்று அஞ்சித் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

திருவிழாவும் வந்தது. குழி செந்தணலாய்க் கனன்றது. விரதக்காரர் ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். அந்த வெக்கை முகத்தில் அடிக்குந்தோறும், என் பாதங்கள் என்னோடு பத்திரமாக இருப்பதை எண்ணி அம்மனை வணங்கினேன். என் மனைவியையும் மனத்துள் வாழ்த்தினேன்.

பூசாரி வேலுசாமி திருநீற்றுத் தட்டோடு வந்தார்.

"மாஸ்டர், ஒங்க வீட்டம்மா நேந்துக்கிட்டது பலிச்சிருச்சுங்க!"

நான் குழியைக் காட்டினேன். என் காலைக் காட்டினேன். இல்லையென்று கையை விரித்தேன்.

"தீயா? நீங்களா?" பூசாரி வியந்தார். "யாருங்க சொன்னா? தீ மிதிக்கிறவங்களுக்கு நான்ல கோயில்ல வச்சுக் காப்புக் கட்டணும்? ஒங்க வீட்டம்மா நேந்தது வேறங்க. 'ஆத்தா, திருவிழா முடியிற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு வாயத் தொறக்காம இருந்தா ஒனக்குச் சேவல் விடுறேன்'னு. அந்த மூக்காயியும் ஒண்ணு நேந்துக்கிச்சு."

திரும்பிப் பார்த்தேன். வெள்ளையம்மாவின் கக்கத்தில் ஒரு சேவல். அருகே மூக்காயி; அவள் கக்கத்தில் இன்னொன்று. அவை இரண்டுமே என்னை ஏளனமாகப் பார்த்தன.

இத்தனை நாளும் அடக்கி வைத்த சொற்களெல்லாம் தொண்டையில் முண்டியடித்தன. வாயைத் திறந்தேன்.

"என்னாங்க," என்றாள் வெள்ளையம்மா மெதுவாக, "நூலு ஆத்தா மடியில வச்சு எடுத்தது நெசந்தாங்க. காப்பு இன்னும் கையில இருக்கு. குழியும் இன்னும் சூடாத்தான் இருக்கு."

தணலில் ஒரு கட்டை வெடித்துப் பொறி பறந்தது. என் வாய் தானாகவே மூடிக்கொண்டது.

அழாத குறையாக மணிக்கட்டைப் பூசாரியிடம் நீட்டினேன். அவிழ்த்துவிடுமாறு கண்களாலேயே மன்றாடினேன். அவர் காப்பைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். என் நெற்றியில் திருநீற்றைத் தாராளமாகப் பூசினார்.

"அடுத்த வருசத் திருவிழாவுல அவுத்துக்கலாமுங்க மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டார்.